தவிட்டுக்கு விற்ற பிள்ளை

ப்ரோடான் என்றால் விற்கப்பட்டவன். அது ஒரு மனிதனின் பெயர். பட்டப்பெயர் அல்ல, பாஸ்போட்டில் இருந்த பெயர். அவர் சேர்பியாவில் ஒரு மலைக் கிராமத்துக்காரர். ஸ்காபரோவில் ஜன்னல் செய்யும் ஒரு ஃபக்ரரியில் நானும் அவரும் பதினொரு வருடம் ஒரே மேசையில் கண்ணாடி வெட்டினோம். அதில் முதல் ஒன்பது வருடமும் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

அது தெரியவந்த நாள் எனக்கு நல்ல நாள் அல்ல. எங்களுடைய இரண்டாவது பிள்ளை ஒன்பது நாள் இருந்து செத்துப்போய், நான் திரும்ப வேலைக்குப் போன நாள். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே செத்தது. இதை மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. மெதுவாகச் சொல்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு அன்ரி, "கடவுளுக்குப் பிடிச்ச பிள்ளையள், அதுதான் கூப்பிட்டிட்டார்" என்றார். "எழும்பிப் போங்கோ" என்றேன். போனார். பிறகு வரவில்லை.

ஃபக்ரரியில் ஒருவரும் என் பக்கம் வரவில்லை. சாப்பாட்டு நேரம் எனக்கு முன்னால் இரண்டு கதிரை வெறுமையாக இருந்தது. சேர்பியர் தன் பாண் துண்டையும் வெங்காயத்தையும் கொண்டுவந்து ஒன்றில் இருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் முறிந்த இங்கிலிஷ்தான். நான் அதை என் பேச்சில் எழுதுகிறேன்.

"எத்தினை?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"என்ர அம்மாவுக்கு நாலு. அஞ்சாவது நான்."

வெங்காயத்தை நறுக்கியபடி சொன்னார். நாலு பிள்ளையும் ஒரு வயது முடியும் முன்னம் செத்தபிறகு ஐந்தாவதாக அவர் பிறந்தார். மூன்றாம் நாள் அவரைத் துணியில் சுற்றி வீட்டு ஜன்னலால் வெளியே நீட்டினார்கள். கதவால் கொண்டுபோகக்கூடாது. கதவை அது பார்த்துக்கொண்டிருக்கும். அது என்றால் எது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த நேரம் தெருவால் உப்பு வாங்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் ஒரு சில்லறைக் காசைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினாள். பிறகு, "இது என்ர பிள்ளை, எனக்காக நீ வளத்துத் தா" என்று தாயிடமே கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பெயர். அவருடைய பாஷையில் விற்பதற்கு ப்ரோடாட்டி என்று சொல். அதிலிருந்து வந்தது. இந்த வீட்டுக்காரரின் பிள்ளையைத் தேடி வருகிற அதற்கு, இவன் இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை, விற்றாயிற்று என்று அந்தப் பெயர் சொல்லும்.

இப்படி இன்னும் பெயர்கள் இருந்தனவாம். 'நில்' என்று ஒரு பெயர். 'உயிரோடு இரு' என்று ஒன்று. 'ஓநாய்' என்று ஒன்று, பேய் பிசாசு கிட்ட வராமல். கண்டெடுத்தவன் என்றுகூட ஒன்று. "உதுகள் பேரில்லை," என்றார். "வேலி."

மற்றப் பெயர்களை இன்றைக்கும் வைக்கிறார்களாம், அர்த்தம் தெரியாமல். இந்தப் பெயரைத்தான் ஒருவரும் வைப்பதில்லை. விற்கப்பட்டவன் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்க யாருக்கு விருப்பம். "எங்கட ஊரில இந்தப் பேரில ரெண்டு பேர். ஒண்டு நான். மற்றது கல்லறையில," என்றார். "இப்ப பிள்ளையள் சாகிறேல்லை. ஏன் இந்தப் பேர்?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு பாணைப் பார்த்தார்.

"எங்கட ஆக்களும் விக்கிறவை," என்று சொன்னேன். "தவிட்டுக்கு."

"தவிடு எண்டா, மாட்டுக்குப் போடுறதோ?"

"ஓம்."

"எனக்குக் காசு குடுத்தவை," என்றார். "நான் விலை கூட."

செத்தவீட்டுக்குப் பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சின்ன வயதில் என்னை அழவைக்க வேண்டுமென்றால் அக்கா சொல்வது, உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினது என்று. தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் அந்தப் பகிடி தெரியும். பகிடிக்குப் பின்னால் செத்த பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த வருடம் மகன் பிறந்தான். தை மாதம், நல்ல குளிர். ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவந்த அன்றே ஊரிலிருந்து மாமி ஃபோன் எடுத்தார். வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை.

"தம்பி, முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியிறதுக்கு முதல் பிள்ளையை வித்துப்போடுங்கோ. சொந்தத்தில வேண்டாம். பிள்ளையள் தப்பி நிக்கிற ஆரும் ஒராளுக்கு. பிறகு ஒரு வயசு திரும்பிற அண்டைக்கு அதே தவிட்டைக் குடுத்து வாங்கலாம். அதுவரைக்கும் என்ர பிள்ளை எண்டு வாயால சொல்லக்கூடாது."

நான் கோபத்தில் ஃபோனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்: "வித்துப்போடுவம்."

கோயிலில் கொடுக்கலாமே என்றேன். முதல் இரண்டுக்கும் அந்தக் கோயிலில்தான் நேர்த்தி வைத்தது, இனி அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள்.

வாங்க ஆள் கிடைக்கவில்லை. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்திலேயே பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பம். கொத்துரொட்டிக்கும் கடனுக்கும் வருகிறவர்கள். கீழ்மாடியில் இருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். இப்ப போய் உதுக்குள்ள..."

"உதுக்குள்ள எண்டா எதுக்குள்ள?"

"இல்லை அண்ணை, உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். எங்கள் வீட்டில் இருக்கிறது தங்கள் வீட்டுக்கு வந்துவிடும் என்று பயம். ஒருவரும் நம்புவதில்லை என்று சொல்வார்கள், ஒருவரும் வாங்கவும் மாட்டார்கள். மோர்னிங்சைட்டில் ஒரு நண்பன், அவனுக்கு நாலு பிள்ளை, "மச்சான், மனிசி விடமாட்டாள்" என்றான். அவனை அன்றோடு விட்டேன்.

திங்கட்கிழமை வேலையில் சேர்பியரிடம் சொன்னேன். அவர் வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடியை முடித்து, கையுறையைக் கழற்றி, "எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

அவருக்கு ஒரு மகள், வளர்ந்து வன்கூவரில் இருக்கிறாள். அது போதும்.

சனிக்கிழமை மத்தியானம் முகம் வழித்து, கோட் போட்டு வந்தார். தவிட்டை நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வாங்குகிறவன் நான், நீ ஏன் வாங்கவேண்டும் என்று ஏசினார். அவர் கொண்டுவந்தது கோதுமைத் தவிடு, கடதாசிப் பையில். இந்த ஊரில் மனிதர்கள் அதைக் காலைச் சாப்பாட்டுக்கு வாங்குகிறார்கள். மனைவிக்கு அரிசித் தவிடு இல்லையே என்று கவலை. அவருக்கு வேறு கவலை. பிள்ளை கதவால் போகக்கூடாது. நாங்கள் ஒன்பதாம் மாடி. எங்கள் ஜன்னல் ஒரு கை போகிற அளவுக்குமேல் திறக்காது, பிள்ளைகள் விழாமல் இருக்கக் கட்டை அடித்திருக்கிறார்கள். அவர் அந்தக் கட்டையைத் தொழிற்காரன் பார்வையில் ஒரு நிமிடம் பார்த்தார். "நாங்கள் செய்ததுதான்," என்றார். பல்கனியை எட்டிப் பார்த்துவிட்டு அதுவும் வேண்டாம் என்றார்.

கடைசியில் கீழே பார்க்கிங்கில் என் காரில் செய்தோம். மனைவி பின் சீற்றில் பிள்ளையோடு இருந்தாள். அவர் பனிக்குள் வெளியே நின்றார். நான் கண்ணாடியை இறக்கினேன். அவள் நீட்டவில்லை. பிள்ளையை நெஞ்சோடு பிடித்தபடி அந்தத் திறந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடும்," என்றேன்.

"குளிருதப்பா பிள்ளைக்கு."

"குடும். அவர் நிக்கிறார்."

நீட்டினாள். அவர் ஒரு கையால் வாங்கி மற்றக் கையால் பையைக் கொடுத்தார். தன் பாஷையில் ஏதோ சொன்னார். பிறகு எங்களுக்கு விளங்கச் சொன்னார்: "இவன் என்ர பிள்ளை. எனக்காக நீங்கள் வளத்துத் தாங்கோ." அந்த நேரம் கடைச் சாமானோடு வந்த ஒரு பிலிப்பினோப் பெண் நின்று, எல்லாம் சரிதானா என்று கேட்டாள். கார் ஜன்னலால் பிள்ளையை வெளியே கொடுத்தால் கேட்கத்தான் செய்வார்கள். அவர் தொப்பியைத் தூக்கி, "சரி, சரி, என்ர மகன்" என்றார். அவள் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு வருடத்தில் திருப்பி வாங்குவோம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அது என் பிழை. எங்கள் ஆட்கள் சீதனத்தைச் சபையில் பேசுவார்கள், சாறியின் விலையைக் கேட்காமலே சொல்வார்கள். ஆனால் இப்படி ஒரு காரியத்தில் நின்று தவணை பேசினால் காரியம் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொள்வார்கள். எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று இருப்பார்கள். நானும் அப்படி இருந்தேன்.

மனைவி அந்தத் தவிட்டை ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு ஃபிறீசரில் வைத்தாள். ஒரு வருடம் புழு வைக்காமல் இருக்கவேண்டும்.

பிறகு எங்கள் வீடு மாறியது. அவள் பிள்ளையை என்ர எண்டு சொல்லவில்லை. 'அந்த மனுசன்ர பிள்ளை பால் குடிச்சிட்டான்', 'அந்த மனுசன்ர பிள்ளைக்குப் பல்லு வருது.' முதலில் பகிடியாக இருந்தது. நாலாம் மாதம் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி, இரண்டு கிழமை மூச்சு இழுத்து, பிறகு சுகமானது. அதற்குப் பிறகு அவள் பகிடியாகச் சொல்லவில்லை. வேலையில் அவர் ஒவ்வொரு நாளும் கேட்பார்: "என்ர மகன் எப்பிடி?" நான் கணக்காகச் சொல்வேன், கூலிக்கு வளர்க்கிறவன் மாதிரி. தொட்டிலுக்குக் கிட்ட நின்று பார்க்கும்போது, வேறொருவரின் சாமானைக் காவல் காக்கிறேன் என்று எனக்கே தோன்றும். தொட்டிலில் குனியும் முன்னம் மனைவி ஒருதடவை பின்னால் திரும்பிப் பார்ப்பாள். நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன். பத்து மாதம் அப்படி ஓடியது. முதல் இரண்டு பிள்ளைகளும் இருந்ததை விடக் கூடிய நாள்.

கார்த்திகையில் அவர் வேலைக்கு வருவது நின்றது. நுரையீரல். பார்க்டேல் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், இனி மருந்து இல்லை, நோவுக்கு மட்டும் கொடுக்கிற வார்டில் வைத்திருந்தார்கள். வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

மனைவி குசினியில் நின்றாள். அடுப்பை நிற்பாட்டினாள்.

"போய் வாங்குங்கோ."

"இன்னும் ஒரு வயசு முடியேல்லை."

"அந்த மனுசன் சாகேக்க தன்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிடும்."

"உமக்கென்ன விசரே?"

"நம்பிக்கை இல்லையெண்டா ஏன் வித்தனீங்கள்?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதத் தேவையில்லை. கத்தி முடிய, அவள் ஃபிறீசரைத் திறந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

லோரன்ஸ் பஸ்ஸில் ஏறி, சப்வே மாறி, தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்கார் மாறிப் போனேன். பார்க்டேல் எனக்குப் பழக்கமான இடம். வந்த புதிதில் எட்டுப் பேர் ஒரு அறையில் இருந்தது அங்கேதான். அவர் ஜன்னலோரக் கட்டிலில் பாதியாகப் போய் இருந்தார். மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் கேட்டது அதேதான்.

"என்ர மகன் எப்பிடி?"

டப்பாவைக் கட்டிலில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். எங்கள் வழக்கத்தில் திருப்பி வாங்கவேண்டும், இது அதே தவிடு, எடுத்துக்கொண்டு 'கொண்டுபோ' என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்றேன். அவர் டப்பாவைப் பார்த்தார். மூடியில் ஒரு பசுமாட்டின் படம்.

"இல்லை," என்றார்.

"என்ன இல்லை?"

"என்னை ஒருத்தரும் திருப்பி வாங்கேல்லை. அறுபத்தாறு வயசு. நீ திருப்பி வாங்கினா அதுக்குக் கேக்கும். ஓ, இவன் இந்த வீட்டுப் பிள்ளைதான் எண்டு வரும்."

"நீங்கள் சாகப்போறியள்," என்றேன். நான் அப்படித்தான் பேசுகிறவன்.

"ஓம். நல்லதுதானே." மூச்சு எடுக்க நின்றார். "உன்ர வீட்டில தேடினா, வித்தாச்சு. என்ர வீட்டில தேடினா, நான் இல்லை. பிறகு பிள்ளை எங்கையெண்டு ஆருக்குத் தெரியும்?"

"என்ர மனிசி நீங்கள் கொண்டு போயிடுவியள் எண்டு பயப்பிடுறா."

அவருக்கு அது பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு கண்ணை மூடியபடி கேட்டார்: "பேர் வைச்சனியோ?"

"என்ன பேர்?"

"என்ர பேர்."

"இல்லை. அவனுக்குப் பேர் இருக்கு. பதிஞ்சாச்சு."

"அப்ப அரைவாசிதான் வித்தனி," என்றார். "முழுசா வித்தனீங்கள் எண்டெல்லோ நான் இருந்தனான். அந்தப் பேரில அவனைத் தேடலாம். விளங்குதோ? அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவன் திரும்பிப் பாப்பான்."

அதற்குமேல் அவர் பேசவில்லை. நான் அரை மணித்தியாலம் நின்றேன். கையைப் பிடித்து டப்பாவில் வைத்துப் பார்த்தேன். அதைச் செய்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். கை தானாக நழுவிக் கட்டிலில் விழுந்தது.

ஸ்ரீற்கார் நிறுத்தத்தில் பனி குவித்திருந்தது. டப்பாவைத் திறந்து அதில் கொட்டினேன். காய்ந்த பழுப்பு நிறம், பனியில் மண் கொட்டியது மாதிரிக் கிடந்தது. வெறும் டப்பாவோடு வீட்டுக்குப் போனேன்.

"குடுத்திட்டன்," என்றேன்.

"என்ன சொன்னவர்?"

"கொண்டு போ எண்டவர்."

அவள் அறைக்குள் போனாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக, "என்ர பிள்ளை, என்ர பிள்ளை, என்ர குஞ்சு" என்று அவள் சொல்லிச் சொல்லி அழுகிற சத்தம் ஹோலுக்குக் கேட்டது. நான் சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியில் நின்றேன். நல்லது செய்தேன் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

நாலாம் நாள் அவர் செத்தார். ஆறாம் நாள் மத்தியானம் பிள்ளைக்குக் காய்ச்சல் நூற்றிநாலுக்குப் போய், கண் செருகி, கை கால் இழுத்தது.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிழைத்தான், இப்போது நாலு வயது. வாசிக்கிறவர்களைப் பதற வைத்து வேடிக்கை பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது.

எமர்ஜென்சியில் இழுப்பு நின்றுவிட்டது என்று பார்த்துவிட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, அறை வரும்வரை இருக்கச் சொன்னார்கள். மனைவி பிள்ளையை மடியில் வைத்து முன்னும் பின்னும் ஆடினாள்.

"ஏனப்பா? நாங்கள் வாங்கிட்டம்தானே. அந்த மனுசன் தந்திட்டார்தானே."

நான் பிள்ளையின் காலுறையைக் கழற்றினேன்.

"இஞ்சேருங்கோ. தந்திட்டார்தானே?"

"இல்லை," என்றேன்.

அடிப்பாள், கத்துவாள் என்று இருந்தேன். ஆடுவதை நிறுத்தினாள். "அவர் சொன்னதை ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ," என்றாள். சொன்னேன். கேட்கும், வரும், அரைவாசிதான் வித்தது, அந்தப் பேரில் தேடலாம், எல்லாம். பனியில் கொட்டியதையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள், ஒரு விலாசத்தைப் பாடமாக்குகிறவள் மாதிரி. "அப்ப நான் ஆறு நாளா என்ர பிள்ளை எண்டு கூப்பிட்டிருக்கிறன்," என்றாள். "பேரையும் சொல்லி."

அந்த நேரம் நேர்ஸ் வந்து கதவில் நின்று பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டாள். பதிந்த பெயரை. நான் எழும்பினேன். மனைவி என் கோட்டைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

"கூப்பிடுறாள்," என்றேன்.

"அந்தப் பேரில இஞ்ச ஒருத்தரும் இல்லை."

"பிள்ளை கொதிக்குது."

"இருங்கோ."

நேர்ஸ் இரண்டாம் தரம் கூப்பிட்டாள். என் வாழ்க்கையில் நான் யாருக்கும் பயந்து வாயை மூடியவன் இல்லை. அன்றைக்கு மூடினேன். மனைவிக்கு விசர் பிடித்த முகம் இல்லை. ரோட்டைக் கடக்கும் முன்னம் இரண்டு பக்கமும் பார்க்கிற முகம். குனிந்து பிள்ளையின் காதில், "ப்ரோடான்" என்றாள். இன்னொரு தரம் சொன்னாள். பிள்ளை கண்ணைத் திறந்தான். காய்ச்சல்காரப் பிள்ளை எந்தச் சத்தத்துக்கும் கண்ணைத் திறக்கும். அன்றும் அப்படித்தான் சொன்னேன், இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

அவள் எழும்பி நேர்ஸிடம் போனாள். இந்தப் பிள்ளையை நீங்கள் கூப்பிட்ட பெயர் பிழை என்றாள். நேர்ஸ் பிள்ளையின் கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டியைப் பார்த்தாள், கார்ட்டில் இதுதானே இருக்கிறது என்றாள். கார்ட் பிழை என்றாள் மனைவி. வழக்கத்தில் கூப்பிடுகிற பெயர் என்று அவர்களுடைய கொம்பியூட்டரில் ஒரு கட்டம் இருந்தது. நேர்ஸ் எழுத்தெழுத்தாகக் கேட்டு அதில் அடித்தாள். அழகான பெயர், என்ன அர்த்தம் என்று கேட்டாள். மனைவி சொல்லவில்லை.

நேர்ஸ் முன்னால் நடந்து, அந்தப் பெயரைத் தனக்கு வந்த மாதிரிச் சொல்லிப் பிள்ளையோடு செல்லங் கொஞ்சிக்கொண்டு போனாள். நாங்கள் பின்னால் போனோம். கதவைத் தாண்டும் முன்னம் மனைவி திரும்பி, நாங்கள் இருந்த இடத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒருவரும் இருக்கவில்லை என்று எழுதத்தான் எனக்கு விருப்பம். மூன்று கதிரை தள்ளி முன்பின் தெரியாத ஒருவர் இருந்தார். கோட்டின் பொத்தான் கழற்றவில்லை. கையில் இலக்கத் துண்டு இல்லை, அவரோடு நோயாளி ஒருவரும் இல்லை. நேர்ஸ் முதலில் நின்று கூப்பிட்ட அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த தரம் கூப்பிடுவார்கள் என்று இருக்கிறவர் மாதிரி.

"நடவுங்கோ," என்றாள் மனைவி. நடந்தேன்.